கடல் கடந்த குடிகள் – 7: சொந்தக் கரையே துரத்தியபோது

சென்ற வாரம் தீரஸைத் தீவின் கரையில் இறக்கி நிறுத்தியிருந்தோம். ஸ்பார்ட்டாவில் சகோதரியின் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தவரை அவர்களுக்காக நாட்டை ஆண்டவன் அவன். மருமகன்கள் வளர்ந்து பொறுப்பை வாங்கிக்கொண்டதும், இன்னொருவர் கீழ் வாழ மனமில்லாமல், முப்பது துடுப்புக் கப்பல்கள் மூன்றில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ‘பேரழகி’ என்ற பொருளில் கல்லிஸ்தே என்று வழங்கிய அந்தத் தீவு அவன் பெயரால் தீரா ஆனது. இன்று உலகம் அதைச் சாண்டோரினி என்கிறது.

அவன் வழிவந்தவர்கள் சில நூற்றாண்டுகள் அங்கே பிழைத்தார்கள். இந்த வாரம், அதே தீவு தன் பிள்ளைகளில் ஒரு பகுதியை வெளியே அனுப்புகிறது. ‘அனுப்புகிறது’ என்ற சொல் இங்கே மென்மையாகத்தான் இருக்கிறது.

ஒற்றை மரம்

தீரா, எரிமலை வெடித்து நடுவயிறு கடலுக்குள் சரிந்துபோன தீவு. மிஞ்சியது பிறைபோல ஒரு விளிம்பு. பெரும்பகுதி மண் சாம்பலும் நுரைக்கல்லும். ஆறு கிடையாது. தீரஸின் வழியினர் ஊர் கட்டிய மெசவூனோ மட்டும் சுண்ணாம்புப் பாறைக் குன்று, எரிமலைக்கும் மூத்தது. அதன் தோள்பட்டையில் ஓர் ஊற்று கசிகிறது. ஊரை ஏன் அவ்வளவு உயரத்தில், காற்று அறையும் இடத்தில் கட்டினார்கள் என்பதற்கு அந்த ஊற்றும் ஒரு விடை.

மழை பெய்தால் விளையும். பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை.

கி.மு. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. தீராவின் அரசன் கிரின்னோஸ், நூறு விலங்குகளைப் பலிகொடுக்க டெல்ஃபிக்குப் போனான். கூடவே ஊர்ப் பெரியவர்கள், சில இளைஞர்கள். அப்பல்லோவின் கோயிலில் குறி சொல்லும் பைத்தியாவிடம் அவன் கேட்டது வேறு ஏதோ. அவள் சொன்னது: லிபியாவில் ஓர் ஊரை நிறுவு.

கிரின்னோஸுக்கு வயதாகிவிட்டது. தன்னால் எழுந்து நடப்பதே பாடு, இந்த இளையவர்களில் யாருக்காவது இந்த வேலையைக் கொடுங்கள் என்று சொல்லி, பக்கத்தில் நின்றவனைக் கைகாட்டினான். அந்த இளைஞன் பெயர் பட்டோஸ். அவன் வாழ்க்கை தலைகீழானது அந்த ஒரு விரல் நீட்டலில்.

ஊர் திரும்பியதும் எல்லாரும் அதை மறந்தார்கள். லிபியா எங்கே இருக்கிறது என்றே தீராவில் யாருக்கும் தெரியாது. தெரியாத திசைக்கு யார் கப்பல் விடுவார்கள்?

பிறகு மழை நின்றது. ஏழு ஆண்டுகள் ஒரு சொட்டு விழவில்லை என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். இந்த நிகழ்வுகளுக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர் அவர். தீவில் இருந்த மரங்களெல்லாம் பட்டுப்போயின, ஒன்றைத் தவிர.

அந்த ஒரு மரம் எது, எங்கே நின்றது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எல்லா மரமும் பட்டது என்று சொல்லியிருந்தால் அது வெறும் கதைப்பேச்சு. ‘ஒன்றைத் தவிர’ என்பது, காய்ந்த சரிவைத் தினம் தினம் பார்த்து எண்ணிக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் கணக்குபோல் இருக்கிறது.

மறுபடி டெல்ஃபிக்கு ஆள் போனது. மறுபடி அதே பதில். லிபியா.

ஊதாச் சாயக்காரன்

வழி தெரிந்தவன் வேண்டும். தீராக்காரர்கள் கிரீட் தீவுக்கு ஆள் அனுப்பித் துறைதுறையாக விசாரித்தார்கள். கிழக்குக் கோடியில் இட்டானோஸ் என்ற ஊரில் கொரோபியோஸ் கிடைத்தான். ஊதாச் சாயத்துக்காகக் கடல்நத்தை பிடிப்பது அவன் தொழில். ஒருமுறை காற்று இழுத்துக்கொண்டுபோய் லிபியக் கரையை ஒட்டிய பிளாட்டேயா என்ற தீவில் தன்னை ஒதுக்கியதாகச் சொன்னான். வழி காட்டக் கூலி பேசி அவனைத் தீராவுக்குக் கூட்டிவந்தார்கள்.

சிலர் மட்டும் ஒரு கப்பலில் போய்ப் பார்த்தார்கள். தீவு இருந்தது. கொரோபியோஸை அங்கேயே விட்டு, சில மாதங்களுக்கான உணவையும் வைத்துவிட்டு, செய்தி சொல்ல ஊருக்கு விரைந்தார்கள். சொன்ன காலத்தில் திரும்பவில்லை. உணவு தீர்ந்தது. யாருடைய பஞ்சத்துக்காகவோ கூலிக்கு வந்த ஒரு மீனவன், ஆளில்லாத தீவில் பட்டினி கிடந்தான்.

எகிப்துக்குப் போய்க்கொண்டிருந்த சாமோஸ் தீவுக் கப்பல் ஒன்று காற்றில் விலகி அங்கே ஒதுங்கியது. தலைவன் கொலாயோஸ். கொரோபியோஸின் கதையைக் கேட்டு, ஓராண்டுக்கான உணவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். கீழைக்காற்று அவனை விடவில்லை. மத்தியதரைக் கடலின் வாசலான ஹெராக்கிளிஸ் தூண்களையும் தாண்டி, ஸ்பெயினின் தென்மேற்கில் இருந்த தார்தெசோஸ் வரை அடித்துக்கொண்டு போனது. கிரேக்க வணிகர்கள் அதுவரை தொடாத சந்தை அது. லாபத்தில் பத்தில் ஒரு பங்கே ஆறு தாலந்து வந்தது. அதில் வெண்கலத்தில் பெரிய கொப்பரை ஒன்று செய்து, முழந்தாளிட்ட மூன்று பெரும் சிலைகள் அதைத் தாங்கும்படி அமைத்து, சாமோஸில் ஹீராவின் கோயிலுக்குக் கொடுத்தார்கள்.

ஒரு பட்டினிக்காரனுக்குச் சோறு போட நின்ற கப்பல் அது. தீராக்காரர்கள் பின்னால் லிபியாவில் நிறுவிய சிரேனேக்கும், தீராவுக்கும் சாமோஸோடு இருந்த நட்பு அந்தச் சோற்றிலிருந்து தொடங்கியது என்கிறார் ஹெரோடோட்டஸ்.

மெழுகு உருகியது

இதற்கிடையே தீராவில் ஊர் கூடியது. தீர்மானம் எளிமையானது, கொடூரமானது. தீவின் ஏழு வட்டாரங்களிலிருந்தும் ஆள் போக வேண்டும். அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் சீட்டுக் குலுக்கி ஒருவன் போக வேண்டும். தலைவனும் அரசனும் பட்டோஸ். ஐம்பது துடுப்புக் கப்பல்கள் இரண்டு.

இந்தக் கூட்டத்தின் மறுபாதியை நமக்குச் சொல்வது ஒரு கல். சிரேனேயின் இடிபாடுகளிலிருந்து கிடைத்த சலவைக்கல் பலகை, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. முன்னோர் கப்பலேறும்போது செய்த சத்தியம் என்று அதில் ஒரு பகுதி இருக்கிறது. அந்த வாசகம் உண்மையிலேயே 7ஆம் நூற்றாண்டுடையதா, பின்னால் எழுதிச் சேர்த்ததா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். சொற்கள் பிற்காலத்தில் மெருகேறியிருக்கலாம்; உள்ளே இருக்கும் முள் பழையது என்றே நான் நினைக்கிறேன். பெருமைக்காகப் புனைகிற எவரும் இவ்வளவு கசப்பைச் சேர்க்க மாட்டார்கள்.

கல் சொல்வது இது. எல்லாரும் சரிசமமாகக் கப்பலேற வேண்டும். வீட்டுக்கு ஒரு மகன். ஊர் அனுப்பியும் போக மறுப்பவனுக்கு மரண தண்டனை. அவன் சொத்து ஊருக்கு. மகனை ஒளித்து வைக்கும் தகப்பனுக்கும், அண்ணனை ஒளித்து வைக்கும் தம்பிக்கும் அதே தண்டனை.

அப்படி ஒரு விதி ஏன் எழுதப்பட வேண்டும்? ஒளித்து வைத்தார்கள் அல்லது ஒளித்து வைப்பார்கள் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான். தீராவின் எத்தனை வீடுகளில் அந்த இரவு, தானியம் இல்லாத குதிருக்குள் ஒரு பையன் உட்கார்ந்திருந்தானோ.

அடுத்த விதி கொஞ்சம் இரக்கமுடையது. புதிய ஊர் நிலைத்துவிட்டால், பிறகு வரும் உறவினருக்கு அங்கே குடியுரிமை உண்டு, யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் பங்கும் உண்டு. நிலைக்காவிட்டால், தீராவாலும் உதவ முடியாமல் போய், ஐந்து ஆண்டுகள் அல்லல்பட்டால், பயமின்றித் தீராவுக்குத் திரும்பலாம். பழைய சொத்தும் உரிமையும் அப்படியே இருக்கும்.

ஐந்து ஆண்டுகள். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

பிறகு மெழுகு. பொம்மைகள் செய்தார்கள், மனித உருவில். நெருப்பு மூட்டினார்கள். ஆண், பெண், சிறுவன், சிறுமி எல்லாரும் சுற்றி நின்றார்கள். பொம்மைகளை ஒவ்வொன்றாக நெருப்பில் இட்டு, இந்தச் சத்தியத்தை மீறுகிறவனும் அவன் சந்ததியும் அவன் பொருளும் இப்படியே உருகி ஓடட்டும் என்று சபித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, சபித்தவர்கள் போகிறவர்கள் மட்டும் அல்லர். அங்கேயே தங்குகிறவர்களும் அதே நெருப்பைச் சுற்றி அதே சாபத்தைச் சொன்னார்கள். அது இரு பக்கமும் வெட்டும் கத்தி.

கரை

இரண்டு கப்பல்கள் தெற்கே போயின. நேர்கோட்டில் அளந்தாலே 400 கிலோமீட்டருக்கு மேல். துடுப்புப் பிடிக்க மட்டும் நூறு பேர். மொத்தமே இருநூறு பேருக்கு மேல் இருந்திருக்க முடியாது.

லிபியக் கரையை அடைந்தார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹெரோடோட்டஸ் இதை ஒரே வரியில் கடந்துபோகிறார். நாம் கொஞ்சம் நிற்கலாம். இவர்கள் மாலுமிகள் அல்லர், வீரர்கள் அல்லர். சீட்டு விழுந்த உழவர் பிள்ளைகள். எதிரே முடிவில்லாத ஒரு கண்டம். யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், எங்கே தண்ணீர்? எதுவும் தெரியாது. கப்பலைத் திருப்பினார்கள்.

தீராவின் கரை தெரிந்தது.

கரையில் ஆட்கள் நின்றார்கள். அண்ணன்மார், மாமன்மார், ஒரே ஊற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். கப்பல் ஒதுங்க நெருங்கியபோது அவர்கள் தாக்கினார்கள். ஹெரோடோட்டஸ் பயன்படுத்தும் வினைச்சொல் கல்லையும் குறிக்கும், அம்பையும் குறிக்கும். இறங்க விடவில்லை. வந்த வழியே போங்கள் என்றார்கள்.

கப்பலில் இருந்தவன் தலையை உயர்த்திப் பார்த்தால், எறிகிறவன் முகம் தெரியும் தொலைவு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும் தொலைவு.

ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பலாம் என்று கல் சொல்கிறதே? உண்மை. ஆனால் இவர்கள் ஐந்து ஆண்டுகள் இருக்கவில்லை. ஓர் ஊரைத் தொடங்கிப் பார்க்கவே இல்லை. சத்தியத்தின் எழுத்துப்படி இவர்கள் தோற்றுத் திரும்பிய குடிகள் அல்லர், போக மறுத்தவர்கள். போக மறுத்தவனுக்கு மரணம், அடைக்கலம் கொடுப்பவனுக்கும் மரணம். கரையில் நின்ற ஒவ்வொருவனுக்கும் மெழுகு உருகியது நினைவிருந்திருக்கும். தம்பியைக் கரையேற்றினால் உருகப்போவது தன் வீடு.

அதோடு, ஏழு ஆண்டுப் பஞ்சத்தில் இருநூறு வயிறு கூடுதல். பக்தியும் பயமும் பசியும் சேர்ந்து எறிந்த கல் அது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தீராக்காரர்கள் தன்னிடம் சொன்னதாக ஹெரோடோட்டஸ் தரும் பகுதி, இரண்டு கப்பல்கள் கிளம்பியதோடு முடிந்துவிடுகிறது. துரத்தப்பட்ட செய்தி, அதற்குப் பின், சிரேனேக்காரர்களின் கதை தொடங்கிய இடத்தில் வருகிறது. அனுப்பியவர்கள் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அடிபட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம்.

திக்குவாயன்

சிரேனேக்காரர்கள் பட்டோஸின் பிறப்பைப் பற்றியும் வேறு கதை வைத்திருந்தார்கள். அவன் தாய் ஃப்ரோனிமே, கிரீட்டில் ஓர் அரசனின் மகள். மாற்றாந்தாய் சொன்ன பழியை நம்பிய தகப்பன், தெமிசோன் என்ற தீரா வணிகனிடம், கேட்டதைச் செய்வேன் என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டு, மகளைக் கடலில் போடச் சொன்னான். தெமிசோன் அவளைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினான், உடனே தூக்கிக்கொண்டான். சத்தியமும் கெடவில்லை, பெண்ணும் பிழைத்தாள். தீராவுக்கு வந்த அவளுக்குப் பிறந்த மகன் பேச்சுத் திக்கினான்.

வளர்ந்த பட்டோஸ் டெல்ஃபிக்குப் போனது குரலுக்கு மருந்து கேட்டு. கிடைத்த பதில், வழக்கம்போல, லிபியா. பிற்காலத்தில் அங்கே வெட்டவெளியில் ஒரு சிங்கத்தைப் பார்த்து அவன் கத்தியதில் திக்கல் போய்விட்டது என்று கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதுகிறார். சொல்லுக்குத் தடுமாறியவன் ஓர் ஊருக்கே சட்டம் சொன்னான் என்பதில் அந்த மக்களுக்கு ஒரு பெருமிதம் இருந்திருக்கிறது.

வானத்தில் ஓட்டை

திரும்ப ஊர் இல்லை என்று ஆனபின்தான் இவர்கள் உண்மையில் குடியேறத் தொடங்கினார்கள். கி.மு. 639 வாக்கில், கொரோபியோஸ் காட்டிய அதே பிளாட்டேயா தீவு. இன்றைய லிபியாவின் பொம்பா வளைகுடாவில் உள்ள சிறு தீவு என்று கருதப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் இருந்தும் எதுவும் கைகூடவில்லை. ஒருவனை மட்டும் காவலுக்கு விட்டுவிட்டு எல்லாரும் டெல்ஃபிக்குப் போனார்கள். லிபியாவில் குடியிருந்தும் நல்வாழ்வு வரவில்லையே என்று முறையிட்டார்கள். கரைக்கு அப்பால் ஒரு திட்டில் உட்கார்ந்துகொண்டு அதை லிபியா என்று என்னிடமே சொல்கிறீர்களா என்கிற தொனியில் பைத்தியா வாயை அடைத்தாள்.

பெருநிலத்துக்கு மாறினார்கள். அசிரிஸ் என்ற இடம்: இருபுறமும் அழகான பள்ளத்தாக்குகள், ஒரு பக்கம் ஆறு. இன்றைய தெர்னா நகருக்குக் கிழக்கே ஒரு வறண்ட ஓடையின் ஓரம் கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பானை ஓடுகள் தரையில் கிடந்ததை 1960களில் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஆறு ஆண்டுகள் மட்டும் வாழ்ந்து விட்டுப்போன ஒரு குடியிருப்பு எவ்வளவு மிச்சம் வைக்குமோ அவ்வளவுதான். ஹெரோடோட்டஸின் கதையை மண் தொட்டு ஆமோதிக்கும் இடம் இது.

ஏழாம் ஆண்டில் அங்கிருந்த லிபியர்கள் வந்தார்கள். இதைவிட நல்ல இடம் காட்டுகிறோம் என்றார்கள். நம்பி எழுந்தார்கள் கிரேக்கர்கள். மேற்கு நோக்கி நடந்தார்கள்.

வழியில் இரசா என்று ஓரிடம். அந்த வட்டாரத்திலேயே செழிப்பானது. லிபியர்கள் பொழுதைக் கணக்கிட்டு, அந்த இடத்தை இரவில் தாண்டும்படி கூட்டிச் சென்றார்கள். விருந்தாளிகள் தங்கள் நல்ல நிலத்தைக் கண்ணால்கூடப் பார்த்துவிடக் கூடாது.

இருட்டில் நடக்கும் அந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். முன்னால் போகிறவனுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். பின்னால் வருகிறவனுக்கு ஈர மண்ணின் வாசனை மட்டும் வந்திருக்கும். ஏழு ஆண்டு வறட்சியைக் கண்டவனுக்கு அந்த வாசனை தெரியாமல் போயிருக்குமா?

கடைசியில் கடலைப் பார்த்த மேட்டில், பாறைக்குள்ளிருந்து பாயும் ஓர் ஊற்றருகே நிறுத்தினார்கள். கிரேக்கர்களே, இங்கே குடியிருங்கள், இங்கே வானத்தில் ஓட்டை இருக்கிறது என்று லிபியர்கள் சொன்னார்களாம். மழை ஒழுகும் இடம் என்று பொருள். ஒரே ஒரு மரம் மிஞ்சிய தீவிலிருந்து வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு எது?

சொன்னது பொய்யல்ல. ‘பச்சை மலை’ என்று அரபியில் வழங்கும் அந்த மேட்டுநிலம், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் மேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. 2023 செப்டம்பர் புயலில் பக்கத்து அல்-பைதா நகரில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே மழையில் தெர்னாவின் அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். வானத்தின் அந்த ஓட்டை வாழவும் வைத்திருக்கிறது, அழித்தும் இருக்கிறது.

கி.மு. 631. ஊற்றருகே அப்பல்லோவுக்கு இடம் ஒதுக்கி ஊரைத் தொடங்கினார்கள். அதுதான் சிரேனே. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீமோனின் ஊராகத் தெரிந்த அதே பெயர். பூமியின் சுற்றளவை அளந்த எரட்டோஸ்தனிஸ் பிறந்ததும் இங்கேதான்.

செல்வமும் வந்தது. சுற்றுப்புறக் காடுகளில் தானாக முளைத்த சில்ஃபியம் என்ற செடியின் பால், மருந்துக்கும் சமையலுக்கும் எங்கும் விலைபோனது. சிரேனே அதைத் தன் நாணயத்திலேயே பொறித்தது. அந்தச் செடி அருகிப்போனபின் ரோமானியச் சமையல்காரர்கள் அதற்குப் பதிலாகப் பாரசீகத்திலிருந்து வரவழைத்தது நம் சாம்பாரில் மணக்கும் பெருங்காயத்தைத்தான்.

பட்டோஸ் நாற்பது ஆண்டுகள் ஆண்டான். வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மனைவியர் லிபியப் பெண்கள் என்றே கருத இடமுண்டு. சிரேனேப் பெண்கள் பசு இறைச்சியைத் தொடுவதில்லை, ஐசிஸ் தெய்வத்துக்கு நோன்பும் இருக்கிறார்கள் என்று ஹெரோடோட்டஸ் குறிப்பதைப் பாருங்கள். கிரேக்க வீட்டின் அடுக்களையில் லிபியத் தாயின் வழக்கம் நிலைத்துவிட்டது.

அந்தச் சத்தியக் கல்? 4ஆம் நூற்றாண்டில் அதை வெட்டவைத்தவர்கள் யார் தெரியுமா? சிரேனேயில் குடியிருந்த தீராக்காரர்கள். பின்னால் வரும் உறவினருக்கும் குடியுரிமை உண்டு என்ற பழைய வாக்கைக் காட்டி, எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். கல்லெறிந்தவர்களின் வழிவந்தவர்கள், கல்லடிபட்டவர்களின் வழிவந்தவர்கள் வாசலில்.

சிரேனே கொடுத்தது. கொடுத்ததைக் கல்லிலும் வெட்டி, அப்பல்லோவின் கோயிலில் நாட்டச் சொன்னது.

ஆனால் உறவினருக்குக் கதவு திறந்த அதே ஊர், தன்னைக் கைப்பிடித்து ஊற்றுக்குக் கூட்டிவந்தவர்களை எப்படி நடத்தியது? பட்டோஸின் பேரன் காலத்தில் டெல்ஃபி மறுபடி வாய் திறந்தது: நிலம் பங்கிடுகிறார்கள், கிரேக்கர்கள் எல்லாரும் லிபியாவுக்குப் போங்கள் என்று. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பங்கிட்ட நிலம் யாருடையது? தன் மேய்ச்சல் வெளிகளை ஒவ்வொன்றாக இழந்த லிபிய மன்னன் அதிக்ரான், கடைசியில் எகிப்தின் பாரோவுக்குத் தூது அனுப்பினான்.

பாரோவின் படை பாலைவனத்தைக் கடந்து வந்தது. சிரேனேக்காரர்கள் அதை எதிர்கொள்ள வெளியே கிளம்பினார்கள். இரு படையும் சந்தித்த இடத்தின் பெயர் இரசா.

அறுபது ஆண்டுகளுக்கு முன் இருட்டில் மறைத்துக் கடத்திய அந்த நிலத்துக்குக் கிரேக்கர்களை வழிகாட்டிக் கூட்டிச் சென்றது யார்? அன்று அங்கே யார் இரத்தம் சிந்தியது?

(அடுத்த வாரம்)